ரொட்டியம்மா வீட்டுச் சனிக்கிழமை

ரொட்டியம்மா வீட்டில் பெரிய சனிக்கிழமை பதினோரு வருடமாக முடியவில்லை. பெரிய வெள்ளிக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் நடுவில், பீடத்தில் துணிகூட இல்லாமல், மணி அடிக்காமல், பூசை இல்லாமல் ஒரு நாள் கிடக்குமே, அந்த நாள்தான். மற்ற வீடுகளுக்கு அது வழக்கம்போல வந்து வழக்கம்போலப் போய்விட்டது. இவள் வீட்டுக்கு வந்தது அப்படியே தங்கிவிட்டது. தெருவில் யாரைக் கேட்டாலும், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற குரலில்தான் சொல்வார்கள்: தையல்காரர் வீட்டில் ஞாயிறு, அடுத்த ரொட்டிக்கடையில் சனி, அதற்கடுத்த வீட்டில் மறுபடியும் ஞாயிறு.

அந்த அடுத்த வீட்டில்தான் வினையே இருந்தது. அங்கே இருந்தவள் ரொட்டியம்மாவின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. மாமியார் கண்ணை மூடியதும் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் இருவரும். ரொட்டியம்மாவின் கணவன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். அடுப்பையும் ஒரே மகளையும் வைத்துக்கொண்டு அவள் ஒண்டியாகக் கடையை நடத்தினாள். சின்னவளின் கணவன் குழாய் ரிப்பேர்காரன், வாயில்லாப் பூச்சி. சின்னவளுக்கு அவனுக்கும் சேர்த்து வாய் இருந்தது. ஓரகத்திகளுக்குள் என்ன பகை என்று கேட்டால் சுவரைக் காட்டுவார்கள், கொல்லையைக் காட்டுவார்கள். உண்மையில் அது கடல் பிளந்த வாசகத்தால் வந்தது. உயிர்ப்பு ஞாயிறு பிறக்கிற பாஸ்கா இரவில் வாசிக்கிற பழைய ஏற்பாட்டு வாசகங்களில், இஸ்ரயேலர் கடல் நடுவே கால் நனையாமல் நடந்துபோகும் வாசகம் எப்போதும் ரொட்டியம்மாவுடையதாக இருந்தது. மாவுத்தூசி தொண்டையில் இறங்கி அவள் குரல் கரகரத்துப்போனதும், பங்குச் சாமியார் அதைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்துவிட்டார். ரொட்டியம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னவளாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லாதது மட்டுமில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் உரக்க வாசித்துப் பழகினாள்.

அந்த வருடம் பாஸ்கா இரவில் கோவில் விளக்குகளை அணைத்து, பீடத்துப் பெரிய மெழுகுதிரியிலிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தீ போய்க்கொண்டிருந்தது. இதற்கு ஒரு முறை இருக்கிறது. எரிகிற மெழுகுவர்த்தியைச் சாய்க்கக் கூடாது, மெழுகு கையில் ஊற்றிவிடும். எரியாததைத்தான் சாய்த்துப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். பெஞ்சில் தீ சின்னவள் வரைக்கும் வந்தது. பக்கத்தில் ரொட்டியம்மா. சின்னவள் தன்னுடையதை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரொட்டியம்மாவும் தன்னுடையதை நேராகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பீடத்தைப் பார்த்தபடி இரண்டு கம்பங்களாக நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோளுக்கு மேலே கையை நீட்டித் தீயை வாங்கிக்கொண்டார்கள். கோவில் முழுக்க வெளிச்சமாகி, 'உன்னதங்களிலே' கீதம் பாடி, மணிகளெல்லாம் அடித்து முடித்தபோது, எரியாத மெழுகுவர்த்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரொட்டியம்மா அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் போட்டாள்.

மறுநாள் மாவு உப்பவில்லை. ஈஸ்ட் பழசு என்று நினைத்துப் புதிதாக வாங்கினாள், வெதுவெதுப்பான இடத்தில் வைத்தாள், போர்வை போர்த்தினாள். வைத்தது வைத்தபடி கிடந்தது. முன்னறையில் சிலுவை மேல் தவக்காலத்தில் போட்ட ஊதாத் துணியை எடுத்தால் உள்ளே இன்னொரு ஊதாத் துணி இருந்தது, அதை எடுத்தால் இன்னொன்று. அந்த வீட்டுக்குள் எந்த மணியும் கேட்கவில்லை. கோவில் மணி மட்டுமில்லை, தொலைபேசி, சைக்கிள் மணி, அடுப்பு மணி எதுவும் கேட்கவில்லை. முதல் நாள் மட்டும் இரண்டு தட்டு பிஸ்கட் கரியானது. தபால்காரர் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து கதவில் தட்டப் பழகிக்கொண்டார். உயிர்ப்பு வாரத்தில் வீடு மந்திரிக்க வந்த சாமியார் வாசலைத் தாண்டியதும் தீர்த்தச் செம்பு காலியாகிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தார், நிறைந்திருந்தது. உள்ளே வந்தார், காலி. பெரிய சனியன்று கோவில் தொட்டியிலும் தீர்த்தம் இருக்காது. அவர் படித்தவர், உடனே விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க வீட்ல இன்னும் சனிக்கிழமைதாம்மா" என்றார். "இன்னைக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. பாவசங்கீர்த்தனம் வேணா கேக்கலாம்."

"நான் என்ன பாவம் பண்ணேன்? பண்ணவ பக்கத்து வீட்ல இருக்கா, அங்க போய்க் கேளுங்க" என்றாள் ரொட்டியம்மா.

மேலிடத்திலிருந்தும் ஒருவர் சோதிக்க வந்தார். காலையிலிருந்து மாலைவரை சிலுவைத் துணியை உருவிக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளதுதான் என்று சொல்லிப் போனார். உருவிய துணியில் பங்குக் கோவிலுக்குப் பல வருடத்துக்குத் தேவையான ஊதா அங்கிகளைத் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். ரொட்டியம்மா உப்பாத மாவைத் தட்டையாகத் தட்டிச் சுட ஆரம்பித்தாள். அது மாதக்கணக்கில் கெடாது, பல்லுக்குத்தான் கெடுதல். லாரிக்காரர்களும் சிறைச்சாலையும் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: சின்னவள் எரிகிற மெழுகுவர்த்தியோடு வாசலுக்கு வந்து, மெழுகு கையில் ஊற்றினாலும் சரி என்று தன்னுடையதைச் சாய்க்க வேண்டும். அதுவரை ஞாயிறு வராவிட்டால் போகட்டும். சின்னவளோ, யார் வீட்டில் இருட்டோ அவர்கள்தான் வரவேண்டும் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருக்கும். மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததுதான் இடி. மாப்பிள்ளை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன், தட்டை ரொட்டியைக் குறை சொல்லாமல் தின்றவன். ஆனால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் அறிவிக்க வேண்டும், பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் அந்த ஞாயிறுகள் வந்திருக்க வேண்டும். பெண் வீட்டில் ஞாயிறு என்பதே கிடையாது. புதிதாக வந்த சாமியார் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"ஒரே ஒரு தடவ சித்திகிட்ட குனிஞ்சா என்னம்மா?" என்று மகள் அழுதாள்.

"குனியறதுக்கு நான் என்ன கீழ விழுந்ததையா தேடறேன்?"

"எனக்காக."

"உனக்காக அடுப்புல வெந்தேன், உனக்காகக் கையச் சுட்டுக்கிட்டேன். இத மட்டும் கேக்காதே."

மகள் இரண்டு பைகளில் துணிமணிகளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சித்தி வீட்டில் மூன்று ஞாயிறு இருந்தாள், மூன்று ஓலையும் வாசித்தார்கள், சித்தி வீட்டு வாசலிலிருந்து மணப்பெண்ணாகக் கிளம்பினாள். கல்யாணப் பூசையில் சின்னவள்தான் வாசகம் வாசித்தாள். ரொட்டியம்மா கடைசிப் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தாலி ஏறியதும் எழுந்து வந்துவிட்டாள். அன்று அவள் சுட்ட ரொட்டியைக் கடிக்கச் சிறைக் கைதிகளாலும் முடியவில்லை. அவளுக்கு வலித்தது, சாகிற மாதிரி வலித்தது. அதைச் சின்னவள் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் அதைவிடப் பெரிய வலியாக இருந்தது. அதன்பின் மகள் வாரம் தவறாமல் வந்தாள், ஆனால் வாசலோடு சரி. பிள்ளை பிறந்தபோது அதையும் வாசலிலேயே தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு உயிர்ப்பு ஞாயிறன்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் ரொட்டி வாங்க வந்தவர், மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அந்தத் தவக்காலத்தில்தான் அவர் மனைவி இறந்திருந்தாள். வெளியே எதிர்ப்பட்ட எல்லாரும் கையைப் பிடித்துக் குலுக்கி மகிழ்ச்சி மகிழ்ச்சி என்கிறார்களாம். இங்கே யாரும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வருடம் குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி வந்தாள், அதற்கடுத்து அண்ணனைக் கடலில் விட்ட ஒருவன். இது என்ன சத்திரமா என்று ரொட்டியம்மா சீறினாள். யாரும் போகவில்லை. சரி, சும்மா உட்கார்ந்து தின்னவேண்டாம் என்று ஆளுக்கொரு சல்லடையைக் கையில் கொடுத்தாள். அவர்கள் மாவு சலித்தார்கள், அழுகிறவர்கள் அழுதார்கள், மாவில் கண்ணீர் விழுந்தால் திட்டு விழுந்தது. ஞாயிறு தாங்குகிற அளவுக்குத் தேறியதும் அவர்களே எழுந்து போனார்கள். பங்கில் யாருக்காவது சாவு விழுந்தால், அடக்கம் முடிந்ததும் ரொட்டியம்மா வீட்டுக்கு வழி சொல்லிவிடுவது சாமியாருக்கும் பழக்கமாகிவிட்டது.

பதினோராவது வருடம் உயிர்ப்புக் காலத்தின் நடுவில் குழாய் ரிப்பேர்காரன் செத்துப்போனான். ஏணியில் ஏறியவன் இறங்கி வரவில்லை. உயிர்ப்புக் காலமானதால் அடக்கப் பூசைக்கும் வெள்ளை அங்கி, அல்லேலூயா, மெழுகுவர்த்தி எல்லாம் உண்டு. சின்னவள் அதற்கும் வாசகம் வாசித்தாள், குரல் பிசிறவில்லை. அடுத்த ஞாயிறும் மேடை ஏறினாள். புத்தகத்தைத் திறந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் புத்தகத்தை மூடிவிட்டு நடுவழியாக இறங்கி நடந்து, தெருவுக்கு வந்து, தன் வீட்டைத் தாண்டி ரொட்டிக்கடைக் கதவைத் தட்டினாள்.

ரொட்டியம்மா கதவைத் திறந்தாள். சின்னவள் கையில் ஒன்றும் இல்லை.

"எதுக்கு வந்தே?"

"இங்க சனிக்கிழமைதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்க்கா."

இந்த நாளுக்காகவே ரொட்டியம்மா ஆண்டுக்கணக்கில் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள், நறுக்கு நறுக்கென்று, ஒன்றுக்கொன்று சளைக்காதவை. மகளைப் பிரித்ததற்கு ஒன்று, ஓலைக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. மூச்சை இழுத்துக்கொண்டு முதலாவதைச் சொல்ல வந்தாள். சின்னவளின் செருப்பு ஒன்றுக்கொன்று ஜோடி இல்லாமல் இருந்தது.

"அந்த மூட்டை மேல உக்காராதே, ஈரம்" என்றாள். "இந்தப் பக்கம் வா."

சின்னவள் உட்கார்ந்தாள். சல்லடை கைக்கு வந்தது. அவளுக்குச் சலிக்கத் தெரியவில்லை, பாதி மாவைத் தரையில் கொட்டினாள். ரொட்டியம்மா மதியம் முழுக்க அவளைத் திட்டினாள். சின்னவளும் சும்மா இல்லை, பேச்சுக்குப் பேச்சு கொடுத்தாள், நடுநடுவே தேம்பினாள், தேம்பல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மாவு சலித்தார்கள்.

மறுநாள் தெருவில் திங்கட்கிழமை. ரொட்டியம்மா வீட்டில் சனிக்கிழமை. எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"இதுதான் வர்ற நேரமா?" என்றாள் ரொட்டியம்மா, கதவைத் திறந்தபடி.