தறிக்குழியில் மரத்துப்போன கால்

பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது மணி எட்டரை. முசரவாக்கத்தில் அந்தத் தெருவுக்கு வேறு கடிகாரம் தேவையில்லை. தர்மன் தறிக்குழிக்குள் காலைப் போட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தேவகி, கரைக்கு ஊடுநூலை இழுத்து ஓடும் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். இவர் கை ஓடினால்தான் அவள் கை ஓடும்.

அன்று இவர் கை ஓடவில்லை. வலது கையிலிருந்து நாடா நழுவி நழுவி விழுந்தது.

"இன்னாங்க, தூக்கமா? கோர்வை விட்டுக்கினு போவுது பாருங்க."

"காலு மரத்துப்போச்சு தேவகி. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

சொல் குழறி வந்தது. வாயில் பாக்கு இருக்கிறது என்று நினைத்தாள். அன்று அவர் பாக்கே போடவில்லை.

குழித்தறிக்காரர்களுக்குக் கால் மரத்துப்போவது தும்மல் வருகிற மாதிரி. தொடையில் நாலு தட்டு தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்காக எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவே கூடிச் சிரிக்கும். எல்லாம் சரிதான். ஆனால் குழிக்குள் இருப்பது கால். கை வெளியில் அல்லவா இருக்கிறது? அது ஏன் நாடாவை நழுவவிட்டது? இதை அவர்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டுக்காரர் சேலைக்கு வந்து நிற்பார் என்பதுதான் தேவகியின் தலையில் ஓடியது. "இந்தக் கட்டத்த முடிச்சுட்டு எழுந்துக்கலாம்" என்றாள். இன்னும் முக்கால் மணி நேரம் நெய்தார்கள். இரண்டு விரல் அகலம் துணி ஏறியது.

ஒன்பதேகாலுக்கு எழுந்திருக்கப் பார்த்தவர், குழி விளிம்பிலேயே சரிந்தார்.

பாயில் படுக்கவைத்துத் தைலம் தேய்த்தாள். தம்பி கதிர்வேல் வந்தான். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவனைக் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவது ஒன்றுதான் அவனிடம் இருந்த குறை. அன்றைக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

"அண்ணி, இது வாதம். புறா ரத்தத்த சூடு ஆறாம தேய்ச்சா நரம்புப் பிடிப்பு உட்டுடும். எங்க மாமனாருக்கு அப்டித்தான் சரியாச்சு. நீ பயப்படாத, நான் போய் வாங்கினு வரேன்."

புறா கிடைத்து வர பதினொன்றாகிவிட்டது. ரத்தத்தைத் தேய்த்துவிட்டு, காய்கிறவரை அசைக்கக் கூடாது என்று காத்திருந்தார்கள். அது காய்ந்தது. தர்மனின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "தண்ணி வேணுமா?" என்று தேவகி கேட்டதற்கு அவர் விழித்தாரே தவிர, ஒரு சொல் வரவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் ஓடியது.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. வாசலில் ஒரு பலகை இருந்தது. பக்கவாதம் தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். கதிர்வேல் அதை இரண்டு தரம் படித்தான். விரல் விட்டு எண்ணினான்.

"அண்ணி, எட்டரைன்னு சொல்லாத. ஊசி போட மாட்டாங்க. பதினோரு மணிக்கு வந்துச்சுன்னு சொல்லு. சொல்லிட்டேன்."

டாக்டர் மங்கையர்க்கரசி, பக்கவாதம் வந்தவர்கள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தவர். அவர் முதலில் கேட்டதே மணிதான். "பதினொண்ணு மேடம்" என்றான் கதிர்வேல், கண் இமைக்காமல். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புத்தான் என்று தெரிந்தது. ஊசி மருந்தை எடுத்துவரச் சொல்லிவிட்டு டாக்டர் தேவகி பக்கம் திரும்பினார்.

"அம்மா, கூட இருந்தது நீங்கதானே? பதினோரு மணி வரைக்கும் நல்லா இருந்தாரா? நேரம் தாண்டினப்புறம் இந்த ஊசியப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்தாயிடும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது. பொய் சொன்னால் அந்த ஊசியே அவரை முடித்துவிடலாம். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம். கதிர்வேல் அவளையே முறைத்துக்கொண்டிருந்தான். படுக்கையில் தர்மனும் அவளையே பார்த்தார். அவர் என்ன சொல்லச் சொல்கிறார் என்று கேட்கவும் வழியில்லை.

"எட்டரைக்கு மேடம்" என்றாள். "ஸ்கூல் வேன் ஹாரன் அடிச்சுது. அப்பவே நாடா கையில நிக்கல. நான்தான் உக்கார வெச்சு நெய்ய வெச்சேன்."

எடுத்துவந்த மருந்து திரும்பிப் போனது. அது போவதைத் தேவகி கண்ணால் பார்த்தாள். குழாய் விட்டு அடைப்பை எடுக்க முடியுமா என்று டாக்டர் சென்னைக்குப் போன் போட்டும் கேட்டார். அடைத்திருந்தது சிறிய ரத்தக்குழாய், அதற்கு அது சரிப்படாது என்றார்கள். "ரத்தக்கொதிப்பு இருக்குதா?" என்று கேட்டபோதுதான், போன வருஷம் மருத்துவ முகாமில் கொடுத்த மாத்திரை அட்டை தேவகிக்கு ஞாபகம் வந்தது. நன்றாகத்தானே இருக்கிறேன் என்று தர்மன் பத்து நாளில் நிறுத்திவிட்டார். அட்டை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

"உன்னால தான் அண்ணி, எல்லாம் உன்னால தான்" என்று கதிர்வேல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

மூன்று மாதம் கழித்து, ஆய்வுக்குழுவிலிருந்து சுகாசினி என்ற பெண் வீட்டுக்கு வந்தாள். மாதம் ஒருமுறை வந்து பயிற்சி சொல்லித் தருபவள். நூல் சுற்றிய தார்க்குச்சிகளை வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போட வேண்டும், அதுதான் தர்மனுக்குப் பயிற்சி. போன மாதம் இரண்டு போட்டார். இந்த மாதமும் இரண்டுதான். மூன்றாவது உருண்டு தறிக்குழிக்குள் விழுந்தது. பேச்சில் அவருக்கு மிஞ்சியது 'சரி' என்ற ஒரே சொல். பசித்தாலும் சரி என்பார், வலித்தாலும் சரி என்பார். கோபம் வந்தாலும் அதையேதான் கத்துவார். எதற்கு எந்த சரி என்று கண்டுபிடிப்பதற்குள் தேவகிக்கு அழுகை வந்துவிடும்.

"இன்னும் நல்லா ஆவாராம்மா?"

"கொஞ்சம் கொஞ்சமா முன்னேறலாம்க்கா. பழைய மாதிரி ஆவாருன்னு நான் சொல்ல முடியாது. பயிற்சிய மட்டும் விடாதீங்க, மாத்திரையையும் விடாதீங்க." சுகாசினி குரல் தாழ்ந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கணும். அவ்ளோ பதட்டத்துல எட்டரைன்னு எப்டி உறுதியா சொன்னீங்க? மத்தவங்க யாருக்கும் மணி தெரியறதில்ல."

தேவகி தறி மேல் மூடியிருந்த துணியை விலக்கினாள். பாதியில் நின்ற சேலை அப்படியே இருந்தது. கல்யாண வீட்டுக்கு வேறு தறியில் நெய்து கொடுத்துவிட்டார்கள்.

"இங்க பாரு. இதுவரைக்கும் கரை ஒட்டினு இருக்குதா? இங்கேருந்து பிரிஞ்சுக்கினு போவுது. வேன் வந்தது இங்கதான். இந்த ரெண்டு விரலும் அப்புறமா நெய்ஞ்சது."

பக்கத்து வீட்டு லோகாம்பாள் எட்டிப் பார்த்தாள். அவளும் தறிக்காரிதான். "இதப் பிரிச்சுட்டு சரியா நெய்யலாமே தேவகி? எதுக்கு கண்ணு முன்னால வெச்சுக்கினு இருக்கற?"

தேவகிக்கு அன்றுவரை உள்ளே அடைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"பிரிக்க மாட்டேன்கா. தெருவே வந்து பாக்கட்டும். கால் மரத்துப்போறது நமக்கு தினம் நடக்கறதுதான். ஆனா ஒரே பக்கமா காலும் கையும் சேந்து விழுந்தா, வாய் கோணினா, பேச்சு குழறினா, அது தறிக்குழியால வர்றது இல்ல. பக்கவாதம். அப்ப தைலத்தயும் தேடாதீங்க, புறாவயும் தேடாதீங்க. மணியப் பாத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஓடியிருந்தா ஒம்பதரைக்கெல்லாம் ஊசி போட்டிருப்பாங்க. கட்டத்த முடிச்சுட்டு எழுந்துக்கலாம்னு சொன்னேன் பாரு, அந்த வாயால சொல்றேன். ரெண்டு விரல் துணிக்கு இவரு பாதி உடம்ப குடுத்தேன்கா."

லோகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகாசினி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள்.

தர்மன் பாயில் உட்கார்ந்தபடி இடது கையை நீட்டி, கரை பிரிந்த அந்த இடத்தைத் தொட்டார். தொட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். என்னவோ பெரிதாகச் சொல்ல வந்து, உதடு நடுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் வெளியே வந்தது அதே சொல்தான்.

"சரி" என்றார். அது மன்னிப்பா, கோபமா, தேறுதலா என்று தேவகிக்குத் தெரியவில்லை.