முதல் தாளே போதும்

என் தங்கை செத்து மூன்று வாரம் கழித்து, அவள் புருஷன் ஒரு செப்புத் தகட்டைத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்து என் அச்சு மேஜையில் வைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஊசியால் கீறினாளாம். பார்த்தால் அவள் முகம்.

படிக்கட்டு, தண்ணீர்க் குழாய், தேய்ந்த செருப்பு என்று எதை வேண்டுமானாலும் வரைவாள். தன் முகத்தை மட்டும் வரைந்ததே இல்லை. போட்டோ எடுக்க வந்தாலும் கையால் மறைத்துக்கொள்வாள். ஆகவே அந்த மனுஷனுக்கு மிஞ்சியது இது ஒன்றுதான். ஒரே ஒரு தாள் போட்டுக் கொடுங்கள் அக்கா, சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன் என்றார். கூடவே ஒரு சேதியும் சொன்னார்.

“முதல் தாளே போதும்னு அக்காகிட்ட சொல்லிடுங்கன்னா.”

எனக்குச் சுருக்கென்றது. இது எங்கள் பழைய சண்டை. அவள் தகட்டில் படம் செதுக்குவாள், நான் அதில் மை பூசித் தாளில் அச்சிடுவேன். அவளுக்குக் கறைகூட அழகு, எனக்குக் கறை கறைதான். ஐந்து தாளைக் கிழித்துப் போட்டு ஆறாவதைத்தான் வெளியே விடுவேன். பொணத்தைக் கொடுத்தாலும் என் அக்கா தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டுத்தான் அச்சுல ஏத்துவா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். போகிற போக்கிலும் நக்கலை விடவில்லையே இவள் என்று நினைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அழவேண்டிய நேரத்தில்கூட எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

அவர் போனதும் தாளை நனைத்து வைத்தேன். தகட்டில் மை பூசி, முரட்டுத் துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைத்தேன். மேலே கம்பளியை விரித்து உருளைக்கு அடியில் ஓட்டினேன். தாளை உரித்தால் ஒரே கறுப்பு. கண்ணைச் சுற்றி, கழுத்தோரம், தலைமுடியெல்லாம் அப்பிக்கொண்டு, கோடுகள் கசிந்த மாதிரி இருந்தன. சரியாகத் துடைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு எட்டாகக் கிழித்தேன். இரண்டாவதையும் கிழித்தேன். நான்காவது தேவலாம். ஆறாவதில் கறை போயிற்று, ஆனால் கன்னம் வெளிறியது. மை போதவில்லை என்று மையைக் கூட்டினேன். புத்தி கெட்டவள், உருளையின் அழுத்தத்தையும் கூட்டினேன். ஒன்பதாவதில் தலைமுடி நரைத்த மாதிரி வந்தது.

அப்போதுதான் தகட்டை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

இதற்கு முன் அவள் செய்த தகடுகள் எல்லாம் ஆசிட்டில் அரித்தவை. கோடு குழியாக இறங்கியிருக்கும், நூறு தாள் போட்டாலும் அசையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஆசிட்டை யார் கொடுப்பார்கள்? ஊசியால் நேராகக் கீறியிருக்கிறாள். அப்படிக் கீறினால் கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நிற்கும். அந்தப் பிசிறுதான் மையைப் பிடித்துக்கொண்டு கறுப்பைக் கொடுக்கும். ஒவ்வொரு தடவை உருளை ஏறும்போதும் அது நசுங்கும். முதல் தாள்தான் தாள், மற்றதெல்லாம் தேய்மானம். எனக்குத் தெரியாததா? நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவள் சொல்லி அனுப்பியது நக்கலே இல்லை. நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கோபத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் வந்தார். குளித்து, சட்டை மாற்றி, புதுச் சட்டத்தோடு வந்திருந்தார். ஒன்பதாவது தாளை நீட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப சுத்தமா இருக்கு அக்கா” என்றார். கொஞ்சம் தயங்கினார். “முதல் தாள் நல்லாக் கறுப்பா வரும், பாத்து பயந்துடாதீங்கன்னு சொன்னா. இதுல அவ எங்கயோ தூரத்துல இருக்கிற மாதிரி இருக்கே.”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

“இது ஒன்பதாவது, தம்பி. முதல் தாளைக் கிழிச்சிட்டேன். தகடும் போச்சு, இனிமே இதுக்கு மேல வராது.”

அவர் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் எனக்கும் தேவலாம் என்று இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்.

“கிழிச்ச துண்டு இருக்கும்ல? ஒட்டிக்கிறேன்.”

அவரே போய் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் அச்சறையில் ஒரு நாளும் குப்பை தங்கியதில்லை. எல்லாவற்றையும் முந்தின நாளே குப்பை வண்டியில் போட்டாயிற்று. கூடையைக் கழுவி, காயட்டும் என்று சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் அதையும் நிமிர்த்தி உள்ளே பார்த்தார்.