ஆத்தாவுக்குச் சொன்ன முடி

ஆடித் தள்ளுபடி என்றால் செஞ்சி கடைவீதியில் கால் வைக்க இடமிருக்காது. பிருந்தா காலையிலிருந்து புடவைகளைப் பிரித்துக் காட்டுவதும், வேண்டாம் என்றதும் மடித்து அடுக்குவதுமாக நின்றுகொண்டே இருந்தாள். வேலை செய்கிறவர்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததும் கடைக்கு ஸ்டூல் வந்தது உண்மைதான். இப்போது அதன்மேல் புது டிசைன் பெட்டிகள் தலை உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. கெண்டைக்கால் வலி எடுக்கும்போதெல்லாம் அவள் அந்த ஸ்டூலை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

மத்தியானம் கூட்டம் சற்றுக் குறைந்தது. முதலாளி ஜெயராமன் கல்லாவில் சாமி படங்களுக்குக் கீழே காற்றாட உட்கார்ந்திருந்தார். பிருந்தா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"முதலாளி, வர ஞாயித்துக்கிழம ஒரு நாளு லீவு வேணும்."

"ஆடி ஞாயிறா? வெளயாடறியா?" அவர் முகம் சுருங்கியது. "வருஷத்துக்கே இந்த ஒரு மாசந்தான் யாவாரம். அன்னிக்குப் போய் லீவு கேக்கற."

"அம்மாவுக்கு மொட்ட போடறோம் முதலாளி. கோட்டக்கர மாரியம்மன் கோயில்ல. ஒடம்பு தேறினதுக்கு வேண்டுதல்."

சுருங்கிய முகம் சட்டென்று விரிந்துவிட்டது. "அடடா, சாமி காரியமா! அத மொதல்லயே சொல்லக்கூடாதா? கண்ணம்மாவுக்குக் கொணமாயிடுச்சா? பாத்தியா, அவ கைவுட மாட்டான்னு நான் சொன்னனே!" எழுந்து போய் மஞ்சள் நிறத்தில் ஒரு காட்டன் புடவையைத் தானே எடுத்துவந்து கொடுத்தார். "மொட்ட போட்டதும் அம்மாவ இதக் கட்டிக்கச் சொல்லு. அன்னிக்கு அன்னதானம் நம்ம கட பேருலதான். நானே வரேன்."

பிருந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அன்றைக்கு மனசார நினைத்தாள். சித்திரை மாதத்தில் இதே இடத்தில் நின்று இதே ஒரு நாள் லீவைக் கேட்டது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

தை கழிந்து மாசியில்தான் கண்ணம்மாளின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்துப் பார்த்து, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். "பயப்படாதீங்க. ஆறு ஊசி போடுவோம். கட்டி சுருங்கும். சுருங்கினதும் அறுத்து எடுத்துடலாம்" என்றாள் டாக்டரம்மா. மருந்துக்கும் படுக்கைக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் கண்ணம்மாள் நேராகக் கோயிலுக்குப் போனாள். முழங்கால் வரை தொங்கும் முடி அவளுக்கு. தெருவே கண் வைத்த முடி. ஜடையை முன்னால் இழுத்துப் போட்டு, "தாயே, இத உனக்கே குடுத்துடறேன். என்ன மட்டும் எம் பொண்ணுகிட்ட வுட்டுடு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

இரண்டாவது ஊசி போடுவதற்குள் அந்த முடி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரித் தலையணையில் கத்தை கத்தையாகக் கிடந்தது. பிருந்தா அதைப் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்தாள். அவள் நைனா விநாயகம் பையைத் தூக்கிக்கொண்டு பூசாரியிடம் ஓடினார். பூசாரி பையைத் தொடவே இல்லை. "உதுந்த மயிர எவனாவது சாமிக்குக் குடுப்பானா? அவ எதுருல, கத்தி பட்டு எறங்கணும். அதுதான் கணக்கு. போய் முடி வளந்தப்புறம் வா" என்று சொல்லிவிட்டார்.

கண்ணம்மாள் அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. ஊசி மயக்கம், வாந்தி, வாய்ப்புண் என்று பிருந்தா நினைத்துக்கொண்டாள். விநாயகம் அவர் பங்குக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டார். நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர், கொதிக்கிற சிமெண்டுக் களத்தில் வெறுங்காலோடு மூட்டை சுமந்தார். கவுச்சியை விட்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்.

மூன்றாவது ஊசி, சித்திரையில் முகூர்த்தம் நெருக்கும் சமயத்தில் வந்து விழுந்தது. பிருந்தா லீவு கேட்டாள். முதலாளி கத்தவெல்லாம் இல்லை. கணக்குப் பார்த்துக்கொண்டே சாந்தமாகத்தான் சொன்னார். "ஏற்கெனவே ரெண்டு தடவ போயிட்ட. ஆஸ்பத்திரின்னா ஒரு நாளோட முடியற வேலையா? நீ போனா பட்டு செக்ஷன யாரு பாக்கறது? அம்மாதான் முக்கியம்னா நீ வூட்லயே இருந்துக்கோம்மா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன். சாமி இருக்குது, பாத்துக்கும்."

வீட்டில் வந்து அழுதபோது கண்ணம்மாள்தான் தேற்றினாள். "அதுக்கின்னாடி? எனக்கு பஸ்ஸு தெரியாதா, வார்டு தெரியாதா? நானே போய்ட்டு வந்துடறேன். ஆளாளுக்கு வேலய வுட்டுட்டு வந்து குந்திக்கினா அடுப்புல இன்னாத்த வெக்கறது?" பிருந்தாவுக்கு ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே?

அப்படியே போய்வந்தாள். ஊசி நாளன்று விடிகாலை விழுப்புரம் பஸ் ஏறுவாள், பொழுது சாயும்போது வந்து சுருண்டு படுப்பாள். புறங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். பிருந்தா கஞ்சி வைத்துக் கொடுப்பாள். முன்னைப்போல வாந்தி இல்லை. உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனியில் தலையில் முடி முளைத்தது. முதலில் நிழல் மாதிரி, அப்புறம் கறுகறுவென்று. விநாயகம் பெண்டாட்டியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். "வந்துட்டாடி! ஆத்தா எறங்கி வந்துட்டா! ஊசிலயே முடி மொளைக்குதுன்னா இன்னா அர்த்தம்?" பக்கத்து வீட்டுப் பூவாயி முதல் தெருவில் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடி மூன்றாம் ஞாயிறு மொட்டை என்று முடிவானது. நோய் போய்விட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே வீடு முழுக்க அந்த நினைப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கண்ணம்மாள் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தாள். நாவிதர் தண்ணீர் தெளித்துத் தேய்த்து, உச்சியில் கத்தியை வைத்தார். விரல்கணு நீளம்கூட இல்லாத முடி. அது மடியில் விரித்த வெள்ளைத் துணியில் விழ விழ, கண்ணம்மாள் கண்ணை மூடிச் சிரித்தாள். இத்தனை மாதத்தில் அம்மா அப்படிச் சிரித்து பிருந்தா பார்த்ததில்லை. விநாயகம் துணியை முடிந்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்தார்.

கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். புடவை மாற்றுவதற்குப் பிருந்தா ஒரு பழைய சேலையை மறைப்பாகப் பிடித்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கடி. நானே கட்டிக்கறேன்."

"எங்கிட்ட இன்னாம்மா வெக்கம்? ஈரத்தோட நிக்காத, சளி புடிச்சிக்கும்." ஒரு கையால் சேலையைப் பிடித்தபடியே மறுகையால் அம்மாவின் ஈர ரவிக்கையின் கொக்கியை அவிழ்த்தாள்.

உள்ளே ஒரு துணிப் பொட்டணம் ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிய துணி. ஈரத்தில் அது நழுவிக் கீழே விழுந்தது. இடது மார்பு மார்பாகவே இல்லை. கல்லாக இறுகி, கறுத்து, நடுவில் தோல் வெடித்துப் பிளந்திருந்தது. பிளவிலிருந்து நீர் கசிந்தது. கூழ் வாசனையையும் வேப்பிலை வாசனையையும் மீறி அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது.

பிருந்தா கையிலிருந்த மறைப்புச் சேலை நழுவிவிட்டது. கண்ணம்மாள்தான் குனிந்து அதை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யம்மா... யம்மா, இது இன்னாம்மா? ஊசி போட்டுக்கினு தான இருந்த?"

கண்ணம்மாள் மஞ்சள் புடவையின் மடிப்பைப் பிரித்தாள்.

"சொல்லும்மா! போனியா இல்லியா?"

"நீ வந்தியே, அதோட சரி. அப்புறம் நான் போவலடி." குரலில் நடுக்கம்கூட இல்லை. "பஸ்ஸு ஏறுவேன். மண்டகப்பட்டுல எறங்கிடுவேன். அங்க கொகக் கோயிலு இருக்குதே, அதும்பக்கத்து மரத்தடில குந்தியிருப்பேன். சாயங்காலம் திரும்பி வரும்போது ஏறிக்குவேன்."

"கையில பிளாஸ்டரு?"

"அது பழசு. மொத தடவ ஒட்டினது. பத்திரமா வெச்சிருந்தேன்."

பிளாஸ்டரின் ஓரம் எப்போதும் அழுக்காக இருந்தது பிருந்தாவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் வந்தது. வைகாசியில் ராத்திரி கடை மூடி, கல்லாவுக்குக் கீழே கூடையில் போட்ட செல்போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தால், தெரியாத லேண்ட்லைன் நம்பரிலிருந்து தவறிய அழைப்புகள் கிடக்கும். பகல் பூராவும் அடித்திருக்கும். அந்த நேரத்தில் திரும்ப அழைத்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். ஏதோ லோன் கம்பெனிக்காரன் என்று விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ண? ஏன்?"

"ஊசி போட்டா முடி மொளைக்காதுன்னு நர்ஸம்மா சொல்லிச்சு. ஊசிய வுட்டா வரும்னு சொல்லிச்சு." கண்ணம்மாள் மகளைப் பாவமாகப் பார்த்தாள், இதுகூடப் புரியவில்லையே என்பதுபோல. "ஆத்தாவுக்குச் சொன்ன முடிடி அது. ஆஸ்பத்திரில கொட்டிட்டு வந்துட்டேன். சொன்னதக் குடுக்காம எந்த ஊசி போட்டு இன்னா கொணமாவும்? நீயும் லீவு கேட்டு முதலாளிகிட்ட நிக்க வேணாம். இப்ப குடுத்தாச்சு. கடன் தீந்துச்சு. இனிமே ஊசி போடட்டும், வேலை செய்யும்."

கொட்டுச் சத்தம் கிளம்பியது. விநாயகம் முகமெல்லாம் திருநீறாக, சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கண்ணம்மாளின் மழித்த தலையில் குளிரக் குளிரச் சந்தனம் அப்பிவிட்டார்.

பந்தியில் ஜெயராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். பிருந்தா அவர் பின்னாலேயே ஓடினாள். "முதலாளி, நாளைக்கும் ஒரு நாளு லீவு வேணும். அம்மாவ ஆஸ்பத்திரிக்கு..."

"இன்னும் இன்னா ஆஸ்பத்திரி? அதான் ஆத்தாவே கொணமாக்கிட்டாளே!" அவர் கரண்டியை நிறுத்தவில்லை. "இன்னிக்கே நாலு பேரு லீவு. நாளைக்கு நீ டான்னு ஒம்போது மணிக்கு நிக்கணும். இல்லேன்னா வராதே, சொல்லிட்டேன்."

அம்மாவின் உடம்பு நாற்றம் இன்னும் மூக்கில் இருந்தது. பிறகு அவள் குரல் தானாக மாறியது.

"ஆஸ்பத்திரி இல்ல முதலாளி, தப்பா சொல்லிட்டேன். மேல்மலையனூருக்குப் போவணும். மொட்ட போட்டதும் அங்காளம்மாகிட்ட கூட்டியாறதா அம்மா நேந்துக்கினு இருந்தாங்க."

கரண்டி நின்றது. "மலையனூரா?" இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவ கூப்புட்டா நான் குறுக்க நிக்க முடியுமா? தாராளமா போய்ட்டு வா. எனக்கும் சேத்து வேண்டிக்கோ. பிரசாதம் மறந்துடாத!"

மறுநாள் காலையில் விழுப்புரத்து ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். துணி சுற்றிய தலைகள், சுற்றாத தலைகள், எல்லாம் மொட்டை. கண்ணம்மாள் அவர்களுக்கு நடுவில் மஞ்சள் புடவையில் உட்கார்ந்தாள். அவள் தலையில் மட்டும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. விநாயகம் சுவரோரம் வெறுங்காலோடு நின்றார். ராத்திரியே பிருந்தா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மணிக்கட்டுக் கயிற்றை உருட்டிக்கொண்டே இருந்தார்.

நர்ஸ் வந்து கண்ணம்மாளின் தலையைப் பார்த்தாள். "முடி போயிருக்குதே, ஊசி நடந்துக்கிட்டு தான இருக்குது? எத்தனாவது ஊசிம்மா?"

"இது ஊசில போன முடி இல்ல சிஸ்டர்" என்றாள் பிருந்தா.

உள்ளே டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அக்குளையும் கழுத்தையும் அழுத்திப் பார்த்தார். "இத அறுக்கற கட்டம் தாண்டிப் போச்சு. ஸ்கேன் எடுங்க, எதுவரைக்கும் போயிருக்குதுன்னு பாப்போம்" என்றார்.

"ஊசி போடுங்க டாக்டர்" என்றாள் கண்ணம்மாள், உற்சாகமாக. "இனிமே எல்லா ஊசிக்கும் நான் வந்துடுவேன். வேண்டுதல் முடிஞ்சிடுச்சு."

டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அப்போது பிருந்தாவின் போன் அடித்தது. வராண்டாவுக்கு ஓடி எடுத்தாள்.

"இன்னா பிருந்தா, தரிசனம் ஆச்சா?" கடையின் இரைச்சலுக்கு நடுவில் முதலாளி குரல் சந்தோஷமாக வந்தது. "நம்ம கடைக்குப் பிரசாதம் வாங்கிட்டியா?"

"ஆச்சு முதலாளி. கொண்டாறேன்."

ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கண்ணம்மாள் களைத்துப்போய் மகளின் தோளில் தலையைச் சாய்த்தாள். பிருந்தா ஸ்கேன் சீட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கைப்பையிலிருந்து பஸ்ஸில் வாங்கிய பூச்சரம் சுற்றியிருந்த காகிதத்தை எடுத்து மடியில் விரித்தாள். அம்மாவின் உச்சந்தலையில் காய்ந்திருந்த சந்தனத்தை வலிக்காமல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதில் உதிர்த்தாள். நாலாக மடித்து, முதலாளிக்கென்று பத்திரமாக ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.