பின்னறைக் குழாயில் நாளைய தண்ணீர்

எங்கள் படகில் மூன்று குழாய்கள். அடுக்களைக் குழாயில் நேற்றைய தண்ணீர் வரும். குளியலறைக் குழாயில் இன்றைய தண்ணீர். பின்னறைக் குழாயில் நாளைய தண்ணீர். தொட்டி ஒன்றுதான், பம்பும் ஒன்றுதான். பழைய படகு, அந்தக் காலத்தில் குழாய் போட்டவர்கள் நீளத்தைக் கவனிக்காமல் போட்டுவிட்டார்கள். அடுக்களைக்குச் சுற்றிக்கொண்டு போவதில் தண்ணீருக்கு ஒரு நாள் தாமதமாகிறது. பின்னறைக்குக் குறுக்குவழி.

தூத்துக்குடியில் கட்டிக் கிடக்கும் இந்த உல்லாசப் படகில் எஞ்சினும் குழாயும் என் பொறுப்பு. சமையல் என் மனைவி புஷ்பம். சுக்கான் பிடிப்பது அவள் தம்பி தஸ்நேவிஸ். முதலாளி எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் படகு எங்களுடையது மாதிரிதான். புஷ்பத்துக்கு அடுக்களைக் குழாய் மேல் பிரியம் அதிகம். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுவதெல்லாம் தண்ணீரில் கலந்து மறுநாள் அதில் கேட்கும். நானும் மச்சினனும் அவளைப் பற்றி என்ன பேசினோம் என்பதை அரிசி களையும்போதே தெரிந்துகொள்வாள்.

எனக்குப் பின்னறைக் குழாய் ஆகாது. அதில் என்ன வருகிறதோ அது மறுநாள் தொட்டியில் இருந்தாக வேண்டும். ஒரு தடவை மஞ்சள் தண்ணீர் வந்தது. அதனால் மறுநாள் மஞ்சள்தூள் வாங்கிவந்து தொட்டியில் கொட்டினோம். அதோடு முடிந்தது. இன்னொரு தடவை ஒரு சொட்டு ரத்தம் வந்தது. "பாத்துக்கிடலாம் அத்தான்" என்று தஸ்நேவிஸ் சும்மா இருந்துவிட்டான். மறுநாள் தொட்டியின் இரும்பு மூடி அவன் கைமேல் விழுந்தது. நாம் செய்யாவிட்டால் அது தானாகச் செய்துகொள்ளும். தானாகச் செய்யும்போது கொஞ்சம் கூடுதலாகவே செய்யும். இப்போது அவன் ஸ்பேனரை மூன்று விரலால் பிடிக்கிறான்.

வியாழக்கிழமை முதலாளி போனில் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்களாம், பின்னறையில் தங்குவார்களாம். அங்கே நல்ல தண்ணீர் வந்தாக வேண்டும் என்றார். போனை வைத்துவிட்டுப் பின்னறைக் குழாயைத் திறந்து ஒரு மடக்கு வாயில் விட்டேன். முதலில் உப்பு, உப்புக்குப் பின்னால் கசப்பு. கடல் தண்ணீர்.

பதறாமல் முறைப்படி பார்த்தேன். தொட்டித் தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. பம்பின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். தளம் கழுவுவதற்குக் கடல் தண்ணீர் இழுக்கும் குழாய் இதோடு எங்காவது சேர்ந்திருக்கிறதா என்று படகின் அடித்தட்டில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடித் திறந்தேன். ஒரு பழுதும் இல்லை. பழுது இல்லையென்றால் இது நாளைய தண்ணீரேதான். கடைசியாகக் குழாய் மூக்கில் இருக்கும் சின்னச் சல்லடையைத் திருகி எடுத்தேன். அதற்குள் ஒரு மெட்டி கிடந்தது. நான் வாங்கிக் கொடுத்த மெட்டி. அடுக்களைக்கு ஓடிப் புஷ்பத்தின் காலைப் பார்த்தேன். அது அவள் விரலிலும் இருந்தது.

நாளைக்குத் தொட்டிக்குள் கடல் இருக்கும், அதில் அவள் மெட்டி கிடக்கும். படகு மூழ்கப்போகிறது என்று புஷ்பத்திடம் சொன்னேன்.

புஷ்பம் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "இதுக்கா இப்படி வேர்த்து வடியுது? கடல்தான் வரணும்னு யாரு சொன்னா? உப்பும் கசப்பும் வந்தாப் போதும்லா?"

உப்பளத்துக்காரர் வீட்டுப் பெண். மறுநாள் காலையில் தஸ்நேவிஸ் உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்தான். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரையும் கேனில் பிடித்துவந்தான். எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிக் கலக்கினோம். குழம்புக்குப் பார்ப்பதுபோல் புஷ்பம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் கசக்கணும்" என்றாள். சரியாக வந்ததும் மெட்டியைக் கழற்றி உள்ளே போட்டாள். அன்று முழுவதும் படகு மூழ்கவில்லை.

சாயங்காலம் பின்னறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை, தட்டும் சத்தம்தான் வந்தது. மூன்று தட்டு, நடுவில் சின்ன இடைவெளி. சாப்பிடக் கூப்பிடுவதற்குப் புஷ்பம் கரண்டியால் பாத்திரத்தில் அடிப்பது அப்படித்தான்.

"எக்கா அடிக்கிற மாதிரில்லா இருக்கு" என்றான் தஸ்நேவிஸ். சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை தொட்டியை வடித்துக் கழுவி, கணுக்கால் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டோம். புஷ்பம் கரண்டியோடு இறங்கினாள். "மூடியப் போட்டுராதீங்க. இருட்டு எனக்கு ஆகாது" என்றாள். அவள் உள்ளே நின்ற நேரம் முழுவதும் அந்த மூடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே தானாக விழுந்துவிடுமோ என்று பயம். மூன்று தடவை தட்டினாள். கைகொடுத்து மேலே தூக்கினேன். மச்சினன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு பின்னறைக்குப் போய்க் குழாயில் காதை வைத்தேன். தொட்டி மூடியின் போல்ட்டுகளை முடுக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் முடுக்கி, நிறுத்தி, மறுபடி முடுக்கும் சத்தம். மூன்று விரல் பிடி. அடுத்தது புஷ்பத்தின் குரல்: "இருட்டா இருக்குதே." யாரும் பதில் சொல்லவில்லை. அவள் தனியாக இருக்கிறாள் என்று பயந்துபோனேன். கொஞ்சம் கழித்து ஓர் ஆள் இருமினான். என் இருமல். "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றது என் குரல். பயத்தில் பாதி போனது. மீதி அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் இறங்கினோம். தஸ்நேவிஸ் மூடியைப் போட்டு முடுக்கினான். "இருட்டா இருக்குதே" என்றாள் புஷ்பம். நான் இருமிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எல்லாம் சரியாக வந்தது. நாளைக்கு என்ன என்று பார்க்க மேலே அவன் பின்னறைக்கு ஓடினான். பம்ப் உறுமியது. திரும்பி ஓடிவந்தான்.

"நல்ல தண்ணி வருது அத்தான்!" என்று மூடிக்கு மேல் குனிந்து கத்தினான். "தொட்டி நெறஞ்சு கெடந்தா வருமே, அந்த வேகத்துல வருது!"

முதலாளி கேட்டது அதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "போல்ட்டு கழட்டுற சத்தம் கேட்டுச்சா மாப்ள?" என்று கேட்டேன்.

மறுபடி பின்னறைக்கு ஓடியவன் மெல்ல நடந்து திரும்பினான்.

"ரொம்ப நேரம் காத வச்சிக் கேட்டேன் அத்தான்," என்றான் கடைசியில். "தண்ணிச் சத்தம் மட்டுந்தான்."

ஸ்பேனர் போல்ட்டில் உரசுவது கேட்டது.

"ஏல, கழட்டிராத," என்றாள் புஷ்பம். "மிச்ச விரலும் போயிரும்."

"எக்கா..." என்றான். ஸ்பேனரைக் கீழே வைத்தான். தொட்டி நிரப்ப நாளைக் காலையில் தண்ணீர் லாரி வேண்டும் என்று அவன் போனில் சொல்வது எங்களுக்குக் கேட்டது.

இப்போது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பின்னறையில் யாரோ குளிக்கிறார்கள், தண்ணீர் தித்திப்பாக இருக்கிறது என்கிறார்கள். லாரி வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆனாலும் புஷ்பம் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, நகர்ந்து எனக்கும் இடம் விட்டிருக்கிறாள். அவளுக்கு இருட்டு ஆகாது என்பதால் நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். இதுவரை சொன்னதெல்லாம் அப்படிப் பேசியதுதான். நாளைக்கு இது அடுக்களைக் குழாயில் வரும். நீங்கள் கேட்கும் நேரத்தில் லாரி வந்து போயிருக்கும். கேட்டு முடித்ததும் குழாயை இறுக மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் பம்ப் நிற்காமல் ஓடும்.