கரஸ்பாண்டெண்ட் பீரோ

மாதேஸ்வரிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றுதான் முதல் நாள். எட்டு வருஷம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில், கை நசுங்கினவனுக்கும் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவனுக்கும் கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், பிள்ளைகளோடு இருந்தால் மனசுக்காவது நிம்மதி என்று வந்தவள். நல்ல நிம்மதி! நர்ஸ் அறை என்று காட்டிய இடத்தில் ஒரே ஒரு கட்டில். அதன் மேலும் ஆண்டு விழாவுக்குத் தைத்த மயில் உடுப்புகள் குவிந்து கிடந்தன. ஒரு தெர்மாமீட்டர் கூட இல்லை.

கரஸ்பாண்டெண்ட் நல்லுசாமி காலையிலேயே சட்டம் பேசிவிட்டுத்தான் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினார்.

"இங்க பாரு சிஸ்டர், எந்தப் புள்ளைக்கு என்ன ஆனாலும் மொதல்ல அம்மா அப்பாவுக்குப் போன் போடு. அவங்க சரின்னு சொன்னாத்தான் மருந்து. நீயா ஒண்ணும் குடுக்காத. நாளைக்கு வம்பு வந்தா எவன் பதில் சொல்றது?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அவளும் தலையாட்டினாள்.

பதினோரு மணிக்கு ஆயா கெம்பம்மா நாலாம் வகுப்பு சுப்ரியாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளையின் மூச்சு விசிலடித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய்வந்தது. உதட்டோரம் நீலம் பாயத் தொடங்கியிருந்தது.

"வீசிங்கா கண்ணு? மருந்து வச்சிருக்கியா?"

பிள்ளையால் பேச முடியவில்லை. விரலை நீட்டி எதிரே இருந்த ஆபீஸ் அறையைக் காட்டியது.

"அங்க பீரோல இருக்குது சிஸ்டரம்மா," என்றாள் கெம்பம்மா. "போன மாசம் ஒரு பையன் இன்ஹேலர எடுத்து கிளாஸ்ல புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சு ஆட்டம் காட்டினான். அதிலிருந்து எல்லாப் புள்ளைங்க மருந்தையும் வாங்கி சாரு பூட்டி வச்சிட்டாரு. சாவி அவரு பாக்கெட்ல. அய்யோ தேவரே!"

மாதேஸ்வரிக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு அந்த இன்ஹேலர்தான் உயிர். அதைப் பிடுங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டி, சாவியையும் எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போக ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?

108-க்குப் போட்டாள். வர இருபது நிமிஷமாகும் என்றார்கள். ரிஜிஸ்டரில் பார்த்து அம்மா தங்கமணியின் நம்பருக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறையும் அதே கதிதான். பேருக்குப் பக்கத்தில் 'அசெம்பிளி லைன்' என்று எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். கம்பெனி கேட்டிலேயே செக்யூரிட்டி போனை வாங்கி லாக்கரில் போட்டுவிடுவான்; ஷிப்ட் முடிந்தால்தான் கைக்கு வரும். எட்டு வருஷம் பார்த்தவளுக்குத் தெரியாதா? அப்பா நம்பரும் அப்படியேதான். முக்கால்வாசி அம்மா அப்பாக்கள் கம்பெனிக்குப் போகிற ஊரில், பகலில் யாரும் எடுக்க முடியாத நம்பராகவே ரிஜிஸ்டர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நம்பர் சரி சொன்னால்தான் மருந்தாம்! வெட்கமாக இல்லை?

நல்லுசாமியைக் கூப்பிட்டாள்.

"அவங்க எடுக்கலன்னா வெயிட் பண்ணு. பீரோவ மட்டும் யாரும் தொடக்கூடாது, கொஸ்டின் பேப்பர் இருக்குது. நான் மூணு மணிக்கு வந்துடறன்."

"மூணு மணி வரைக்கும் புள்ள தாங்காது சார்."

"என்னாமா, வந்த அன்னிக்கே பயமுறுத்தற?"

அவள் போனை வைத்தாள். "கெம்பம்மா, கடப்பாரை இருக்குதா?"

கெம்பம்மா ஒரு விநாடி அவளையே பார்த்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் ஓடினாள். திரும்பி வந்தவள் கடப்பாரையை யாரிடமும் கொடுக்கவில்லை.

"நகருங்க சிஸ்டரம்மா, உங்களுக்குப் பழக்கம் பத்தாது."

இரண்டே நெம்பு. கதவு வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஏழு இன்ஹேலர்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேரும் வகுப்பும் எழுதியிருந்தது. சுப்ரியாவை நிமிர்த்தி உட்கார வைத்து, அவளுடையதை நன்றாகக் குலுக்கி வாயில் வைத்தாள் மாதேஸ்வரி. ஒன்று. மூச்சைப் பிடி கண்ணு, மெதுவா விடு. இன்னொன்று. நாலாவதுக்குப் பிறகு விசில் சத்தம் தணிந்தது. உதட்டில் நிறம் வந்தது. "தண்ணி வேணும் மிஸ்," என்றது பிள்ளை. மாதேஸ்வரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆவி மருந்து கொடுத்து, ஆபத்து தாண்டியாச்சு, சாயங்காலம் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் தங்கமணி வேலை பார்க்கும் கம்பெனியில் வருகைப்பதிவு பார்க்கிற டைம் ஆபீஸின் நம்பரைத் தேடிப்பிடித்துத் தகவல் சொல்லியிருந்தாள். தங்கமணி தலையில் போட்ட தொப்பியைக் கூடக் கழற்றாமல் யூனிபார்மோடு வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

மூணு மணிக்கு வருவேன் என்ற நல்லுசாமி, பீரோவை உடைத்தார்கள் என்று யாரோ சொன்னதும் பன்னிரண்டரைக்கே வந்து குதித்தார். பிள்ளைக்கு வராதவர் பீரோவுக்கு வந்துவிட்டார்! பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகத் தங்கமணி முன்னால் ஒரு பேப்பரை நீட்டினார்.

"புள்ளைக்கு நோய் இருக்கிறத மறைச்சு சேத்துட்டோம், ஸ்கூல் பொறுப்பில்லைன்னு எழுதியிருக்கன். கையெழுத்துப் போடு. இல்லன்னா டிசி வாங்கிக்க."

தங்கமணி சிவகங்கைப் பக்கத்துக்காரி. பயத்தில் வார்த்தை குழறியது. "போன் எடுக்காதது எந் தப்புத்தேன் சார். கோவிச்சுக்கிறாதீக. டிசி மட்டும் குடுத்துறாதீக." பேனாவையும் எடுத்துவிட்டாள்.

மாதேஸ்வரி பேப்பர் மேல் கையை வைத்தாள்.

"நீங்க என்னக்கா மறைச்சீங்க? பேரெழுதிக் குடுத்தனுப்பிச்சீங்க. மறைச்சு வச்சவரு இவரு. உங்க புள்ள நீலமாவறப்ப மருந்து அந்த பீரோக்குள்ள இருந்துச்சு."

தங்கமணி உடைந்த கதவைப் பார்த்தாள். "எம் புள்ள பையில இருக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்?" அவள் குரல் மாறிவிட்டது. பேனாவை மேஜையில் வைத்தாள். "நான் போடமாட்டேன் சார். என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

நல்லுசாமிக்கு முகம் சிவந்தது. "சிஸ்டர், நாளையிலருந்து நீ வரவேணாம்!"

"சரிங்க சார். இன்னிக்கு நாலு மணி வரைக்கும் நான்தான் இங்க நர்ஸ்."

சுப்ரியாவின் இன்ஹேலரைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச ஆறும் கிடந்த டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள். பின்னால் அவர் கத்தியது கீழேயே நின்றுவிட்டது. டப்பாவில் மேலாகக் கிடந்ததன் பேரையும் வகுப்பையும் படித்து, மாடியில் முதலில் இருந்த வகுப்பறைக் கதவைத் தட்டி ஹரீஷ்குமாரைக் கூப்பிட்டாள். ஒல்லியான பையன் பயந்துகொண்டே வந்து நின்றான்.

"இந்தா, இது உன் பையிலதான் இருக்கணும்," என்று அவன் கையில் வைத்து விரல்களை மூடினாள். "யாரு கேட்டாலும் குடுக்காத."