இமை நுண்கருவி

மேடையில் கட்டியிருந்த பதாகையில் தன் பெயருக்கு மேல் ‘கண்ணொளிச் செம்மல்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் முகுந்தன் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுதான் நினைத்தான். அதற்குள் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். பதாகை நிறைய ஒரு பெரிய கண். அதிலிருந்து சூரியக் கதிர்கள் புறப்பட்டு நேராகத் தமிழ் மன்றத் தலைவர் ராதாகிருஷ்ணனின் புகைப்படத்தில் போய் விழுந்தன. விருது மருமகனுக்கு, வெளிச்சம் மாமனாருக்கு. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மண்டபம் எடுத்து நடத்தும் விழாக்களில் இது ஒன்றும் புதிதில்லை.

முகுந்தன் மஸ்காரா பிரஷ் வடிவமைப்பவன். கிள்ளானில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மாடியறையில் உட்கார்ந்து, பெண்கள் இமை மயிரில் மை தீட்டிக்கொள்ளும் அந்தச் சுண்டுவிரல் நீளச் சாமானைத் திரையில் வரைவான். மாதிரி செய்து, பொய் இமைகள் ஒட்டிய ரப்பர் தகட்டில் தீட்டிப் பார்ப்பான். பிரஷின் முட்கள் நெருங்கி நின்றால் மை திரண்டு மயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விலகி நின்றால் மயிர் பிடிபடாமல் நழுவும். மூக்கோரமாக இருக்கும் குட்டி மயிர்கள்தான் பெரிய தொல்லை. யாருக்கும் எட்டாது, எட்டினால் மை கன்னத்தில்தான் இருக்கும். அவற்றுக்காகவே நுனியில் மிளகு அளவுக்கு ஓர் உருண்டை வைத்து, அதைச் சுற்றி முட்களைக் குட்டையாக்கி, அது ஒழுங்காகத் தீட்டிய நாளில் தொழிற்சாலைக் கழிப்பறையில் தனியாக நின்று விசிலடித்தான். வேலையில் அவனுக்கு வெட்கமே இல்லை. அதன் பெயரைச் சொல்வதில்தான்.

தவறு பெண் பார்க்கப் போன அன்றே நடந்துவிட்டது. ராதாகிருஷ்ணன் வீட்டுக்குள் ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி கிடையாது. அங்கே டிவி தொலைக்காட்சி, ஃபேன் மின்விசிறி, கேக் அணிச்சல். ‘என்ன பணி?’ என்று அவர் கேட்டபோது, மீசை வைத்த பெரியப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த முகுந்தனுக்கு மஸ்காரா தொண்டையிலேயே நின்றுவிட்டது. மொழிபெயர்த்தான். ‘இமைக்கான நுண்கருவி வடிவமைக்கிறேங்க.’ தமிழில் சொன்னதுதான் தாமதம், பிரஷ் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது. அடுத்த மன்றக் கூட்டத்திலேயே ராதாகிருஷ்ணன் அதைக் கண் நுண்கருவி ஆக்கினார். பொங்கல் விழாவில் அது கண் அறுவை நுண்கருவி ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்ல முகுந்தனுக்கு இடமிருந்தது. ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து சிரித்தான். அதை அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

“பேனரப் பாத்தீங்களா?” என்றாள் உஷாராணி, அவன் மனைவி. “நீங்க செஞ்ச அத்தன பிரஷையும் என் கண்ணுல போட்டுப் பாத்திருக்கேன். எனக்கும் ஒரு பொன்னாடை போடணும் லா.”

“வெளாடாத உஷா. இன்னிக்கு உங்கப்பாகிட்ட சொல்லிடப் போறேன்.”

“இன்னிக்கேவா? அவருக்கு பிரஷர் ஏறும். போட்டோ எடுத்து முடிக்கட்டும், அப்பறம் சொல்லுங்க.”

பொன்னாடைக்குக் காத்திருந்தபோது முன்வரிசையில் அவன் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். நல்லம்மாள். கிள்ளானில் ராதாகிருஷ்ணனின் தாமான் குடியிருப்பில், அவர் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி இருப்பவர். வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார்.

“தம்பிதான் கண்ணு டாக்டரா?”

“இல்லீங்க ஆன்டி. நான் டாக்டர் இல்ல.” சொல்லிவிட்டான். இவ்வளவுதானா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

“தெரியும் தம்பி. டாக்டருக்கே கருவி செஞ்சு குடுக்கறவருன்னு உங்க மாமா சொன்னாரு. அப்ப டாக்டருக்கும் மேலதானே?”

கைக்குட்டையை எடுத்தார். கண் பழமாகச் சிவந்திருந்தது. கீழிமை உள்பக்கம் மடங்கி, மயிர்கள் விழியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒவ்வொரு முறை சிமிட்டும்போதும் அவை விழியைக் கூட்டிவிட்டுப் போயின. இத்தனை வருஷம் இமை மயிரையே பார்த்துக்கொண்டிருந்தவன் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ரப்பர் தகட்டுக்கு விழி கிடையாது.

“தொறந்து மூடுனா மணலப் போட்டுத் தேய்க்கிற மாதிரி இருக்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஆப்பரேஷனுக்குத் தேதி குடுத்தாங்க. நான் போகல.”

“ஏன் ஆன்டி?”

“உங்க மாமாதான்… கத்தியெல்லாம் எதுக்கு, எங்க மருமகன் இமைக்குன்னே கருவி வெச்சிருக்காரு, விழாவுக்கு வருவாரு, காட்டிக்கலாம்னாரு. இனிமே தீபாவளி கழிச்சுத்தான் தேதியாம். பரவாயில்ல, அதான் நீங்க வந்துட்டீங்களே.”

மேடையில் ராதாகிருஷ்ணன் பேசிக்கொண்டிருந்தார். முகுந்தனுக்கு எதுவும் காதில் விழவில்லை. மாமனாரிடம் காட்டிச் சொல்வதற்காகக் கொண்டுவந்திருந்த மாதிரி பிரஷைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நல்லம்மாளின் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது மை போடறதுல்ல? எம் பேத்தி பேக்ல கெடக்கும்.”

“ஆமா ஆன்டி. நான் செய்யறது இதான். இது மட்டுந்தான்.”

அவர் அதைப் புறங்கையில் மெல்லத் தேய்த்துப் பார்த்தார். “மெத்துன்னு நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க.” திருப்பிக் கொடுத்தார். கைக்குட்டையை மறுபடி மடித்தார். “அப்ப அந்தத் தேதிக்கு நான் போயிருக்கலாம்.”

திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பான். அவர் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டதுபோலச் சொன்னார்.

“நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன் ஆன்டி. சீக்கிரமா தேதி குடுக்கச் சொல்லிக் கேப்போம்.”

“உங்க மாமாவும் இப்படித்தான் நானே பாத்துக்கறேன்னாரு” என்றார் நல்லம்மாள். குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“…ஒளியிழந்த விழிகளுக்கெல்லாம் ஒளியூட்டும் எங்கள் இல்லத்து மருமகன்!” என்று மேடையில் ராதாகிருஷ்ணனின் குரல் முழங்கியது. கைதட்டினார்கள். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. ‘ஏற்புரை’ என்று மைக்கை அவன் பக்கம் திருப்பிய ராதாகிருஷ்ணன் அப்போதுதான் அவன் கையைப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, அதுதானா அந்தக் கருவி? உயர்த்திக் காட்டுங்கள், எல்லோரும் பார்க்கட்டும்!”

அவனே உயர்த்தினானா, அவர் கையைப் பிடித்துத் தூக்கினாரா என்று பிறகு யோசித்தும் முகுந்தனுக்குத் தெளிவாகவில்லை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் உஷாராணி மட்டும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கைதட்டிக்கொண்டே, கண்களைச் சுருக்கிப் பிரஷை உற்றுப் பார்த்தாள். அவள் கை மெதுவாக நின்றது.

முகுந்தன் கையை இறக்கினான். இறங்கும் வழியில் பிரஷின் முட்கள் மைக்கின் வலையில் உரசின. கர்ரக் என்று ஒரு சத்தம், நாலு மூலை ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், மண்டபம் முழுக்க. கைதட்டல் அடங்கிப் போயிற்று. எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்லம்மாள் சட்டென்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். மற்றக் கண் திறந்தே இருந்தது.