மாறவும் கூடாது

மகள் வீட்டை விட்டுப் போன காலையில் ஆறாம் எண் வீட்டின் முன்சுவர் கறுத்தது. புகை படிந்த கறுப்பு அல்ல, ஈரம் ஊறிய கறுப்பும் அல்ல. மனம் நொந்துபோனால் மனிதர்களுக்கு முகம் கறுக்கிறதே, அந்தக் கறுப்பு. பழைய தெருவில் எல்லா வீடுகளும் வைக்கோல் நிறத்தில் இருந்தன, இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஜன்னலின் அகலம், மாடிக் கைப்பிடியின் வளைவு, கதவு வளையம் எந்த உலோகம் என்பது வரை எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. மரபுக் குழுவைக் கேட்காமல் தெருவைப் பார்த்த சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. அப்படிப்பட்ட தெருவில் ஒரு வீடு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் கண்ணில் படாமல் இருக்குமா? பால்காரர்தான் முதலில் பார்த்தார். காலைச் சாப்பாடு முடிவதற்குள் தெருவே பார்த்துவிட்டது. பார்க்காதவள் ஒருத்திதான்: பெட்டியை இழுத்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்த மகள்.

அந்த வீட்டுக்காரிக்குத் தெரு வைத்த பெயர் கல்மூஞ்சி. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் அலுவலகத்தில் புகார் மேசை அவளுடையது. குழாயில் காற்று வருகிறது என்பவர்கள், சாக்கடை வருகிறது என்பவர்கள், ஒன்றுமே வரவில்லை என்பவர்கள், எல்லாரும் கத்துவது அவள் முகத்தைப் பார்த்துத்தான். கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் எதிராளி இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவான் என்பதை வேலைக்குச் சேர்ந்த வாரமே தெரிந்துகொண்டாள். அப்போது இறுக்கிக்கொண்ட முகம் வீட்டுக்கு வந்தும் இளகவில்லை. பிரசவ வார்டில் குழந்தையை நீட்டியபோது "சரி, குடுங்க" என்று பொட்டலம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாளாம். அதே குழந்தை வளர்ந்து, வேறு ஊரில் வேலை, அங்கே மனதுக்குப் பிடித்த ஒருவன், இனி அங்கேதான் என்று பெட்டியோடு வந்து நின்றபோது, "சரி. சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

"அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டாள் மகள். அம்மாவின் முகத்தில் ஏதாவது தென்படுமா என்று வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் தென்படவில்லை. அவள் தெருமுனை திரும்புவதற்குள் சுவர் அடியிலிருந்து கூரை வரை கறுத்துவிட்டது. ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் நான் இதை எழுதவேண்டிய அவசியமே இருந்திருக்காது.

புகார் கொடுத்தவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். அவரையும் கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியாது. பல் பிடுங்க வருகிறவர்கள் ஏற்கெனவே உதறலோடுதான் வருகிறார்கள். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால் ஜன்னல் வழியே தெரிவது அந்தக் கறுப்பு. இரண்டு பேர் சொத்தைப் பல்லோடு எழுந்து ஓடிப்போனார்கள். மரபுக் குழு வந்தது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற சர்வேயர். இந்தத் தெருவை இடித்து அடுக்குமாடி கட்ட ஆட்கள் வந்த காலத்தில் இயந்திரத்துக்கு முன்னால் தரையில் படுத்தவர். தெருவின் ஒவ்வொரு செங்கல்லும் அவருக்குப் பெற்ற பிள்ளை மாதிரி. சுவர் ஏன் கறுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. குழுவின் வேலை காரணம் பார்ப்பதல்ல, நிறம் பார்ப்பது. கையிலிருந்த நிற அட்டையைச் சுவரில் வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், நோட்டீஸ் கொடுத்தார்.

கல்மூஞ்சியின் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாய் ஓயாமல் வேடிக்கை பேசுகிறவர். மனைவி காட்டாத முகத்தையெல்லாம் சேர்த்து அவரே காட்டிக்கொண்டிருந்தார். லீவு போட்டுவிட்டு அவரே ஏணி வைத்து மூன்று பூச்சு பூசினார். மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போய்க் கைகழுவிவிட்டு வந்து பார்த்தால் சுவர் பழையபடி கறுத்திருந்தது. மறுநாளும் பூசினார், அப்போதும் அப்படியே. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். "விதியில என்ன போட்டிருக்கு? நிறத்தை மாற்றக் கூடாதுன்னு தெளிவா இருக்குல்ல?" என்றார் தலைவர். "நான் மாத்தலீங்க. அதுவா மாறுது" என்றாள் கல்மூஞ்சி, புகார் மேசையில் பேசும் அதே குரலில்.

அந்த ஒரு பதிலில் குழு வெலவெலத்துப்போனது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அதில் மாற்றக் கூடாது என்றுதான் இருந்தது. மாறக் கூடாது என்று எங்கேயும் இல்லை. ஒருவர் மாற்றினால்தானே குற்றம், தானாக மாறினால் யாரைப் பிடிப்பது? நோட்டீஸைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தலைவருக்கு அது பெரிய அவமானம். அடுத்த கூட்டத்திலேயே விதியைத் திருத்தினார். 'தெருவிலிருந்து தெரியும் எந்தச் சுவரின் நிறத்தையும் மாற்றக் கூடாது, மாறவும் கூடாது' என்று ஆனது. கைதட்டினார்கள். எலி நுழைகிற ஓட்டை எல்லாவற்றையும் அடைத்தாயிற்று என்று தலைவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

புதிய விதியில் முதல் நோட்டீஸ் அந்தக் கறுப்புக்கே வந்தது. இரண்டாவது, வெளுப்புக்கு. ஒரு பகல் வேளையில் சுவர் சட்டென்று வெளிறி, சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஆனது. கணவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்ற செய்தி தெருவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அவர் பிழைத்து, கட்டுப்போட்ட இடுப்போடு வீட்டுக்கு வந்தபோது நோட்டீஸ் கதவில் ஒட்டியிருந்தது. இரண்டு நோட்டீஸ் வாங்கிய வீட்டை ஓர் ஆண்டு கண்காணிப்பார்கள். முடிவில் குழு நேரில் வந்து பார்க்கும். வைக்கோல் நிறத்துக்குத் திரும்பி அப்படியே இருந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். இன்னொரு தரம் மாறினால் வீட்டுக்குச் சீல், குடியிருப்பவர்கள் வெளியே.

"போனாப் போகட்டும், வேற எடத்துல ஒரு வீடு பார்த்துக்கலாம்" என்றார் கணவர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. மகளின் போன் எண் எப்போதோ செத்துப்போயிருந்தது, முகவரி கிடையாது. "அவ என்னைக்காவது வந்தா இந்தக் கதவைத்தான் தட்டுவா. வேற யாராவது வந்து கதவைத் தொறந்தா, எங்கன்னு போய்த் தேடுவா?" என்றாள். வீடு அவளுக்கு வேறு எதற்காகவும் வேண்டியிருக்கவில்லை. மகள் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்க வேண்டும், அதைத் திறக்கத் தான் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே அவள் ஒன்றும் தோன்றாமல் இருக்கப் பழகினாள். முகத்தை அடக்கியவளுக்கு மனதை அடக்குவதா கஷ்டம் என்று தெரு பேசிக்கொண்டது. கஷ்டம்தான். மகளின் அறையைப் பூட்டிச் சாவியைக் கணவரிடம் கொடுத்தாள். பாட்டு வைப்பதில்லை. பழைய படங்களைச் சுவரிலிருந்து கழற்றினாள். கணவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திக்கொண்டார், ஏனென்றால் ஒரு தரம் அவர் அடித்த ஜோக்குக்குக் கதவோரச் சுவர் லேசாக மினுங்கியது. மகள் நினைப்பு வரும்போலிருந்தால் சாக்கடை அடைப்புப் புகார்களை வரிசையாக மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். மெல்ல மெல்லச் சுவர் வைக்கோல் நிறத்துக்கு வந்து நின்றது. மாதங்கள் போயின, அசையவில்லை. தலைவர் நடைப்பயிற்சியில் கடந்துபோகும்போது திருப்தியாகத் தலையாட்டினார். கணவருக்கோ, கறுத்த சுவரைப் பார்த்து வராத பயம் அந்த வைக்கோல் நிறத்தைப் பார்த்து வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "அவ குரல் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். ஞாபகம் வரல" என்று உப்பு குறைவு என்பதுபோலச் சொன்னாள். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய் வாசலில் நின்று அழுதார். சுவர் அப்போதும் வைக்கோல் நிறமாகவே இருந்தது.

குழு வரவேண்டிய நாளுக்கு முந்தின மாலை கணவரின் பட்டறைக்குப் போன் வந்தது. "அப்பா, நாளைக்கு மதியம் பஸ்ல வரேன்" என்றாள் மகள். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திரும்ப அழைத்தால் அது ஏதோ கடை போன், மகள் போய்விட்டாள் என்றார்கள். மனைவியிடம் சொன்னால் இப்போதே சுவர் மாறும், சொல்லாமல் விட்டால் நாளை குழுவின் கண் முன்னால் மாறும். பொறியில் விழுந்த எலிபோல ராத்திரி முழுக்கப் புரண்டார். குழு கிளம்பும் வரை மகளைப் பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துவைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

மதிய பஸ்ஸில் மகள் வந்திறங்கினாள். இளைத்திருந்தாள். "இப்படி உட்காரும்மா. ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

"வீட்டுக்குப் போய்க் குடிக்கலாமேப்பா."

"வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க. அவங்க போகட்டும்."

உன்னைப் பார்த்தால் உன் அம்மா சந்தோஷப்பட்டுவிடுவாள், சந்தோஷப்பட்டால் வீடு போய்விடும் என்பதை எந்த வாயால் சொல்வது, சொன்னால்தான் நம்புவாளா? அவர் மென்று விழுங்கியதை மகள் வேறுமாதிரி புரிந்துகொண்டாள். "அம்மாவுக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லன்னா நேராவே சொல்லிடுங்கப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் போகிற பஸ்ஸின் படியில் கால் வைத்தாள். டிரைவர் என்ஜினைக் கிளப்பிவிட்டார். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக் பெட்டியைப் பிடுங்கினார். "வாடி. வீடு போனாப் போகட்டும்!" என்று கத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

அவர்கள் வந்தபோது தலைவர் நிற அட்டையைச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்து முடித்திருந்தார். இம்மியும் பிசகவில்லை. கோப்பை மூடிக் கையெழுத்துப் போடப் பேனா மூடியைத் திறந்தார். புகார்தாரர் என்ற முறையில் பல் டாக்டரும் பக்கத்தில் நின்றார். பாதித் தெரு கூடியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் வந்து நின்றாள். வாசற்படியில் இருந்த கல்மூஞ்சி அவளைப் பார்த்தாள். ஒரு கணம் சாக்கடை, குழாய், மீட்டர் என்று உதடு முணுமுணுத்தது. பிறகு நின்றுவிட்டது.

"வந்துட்டியா. பஸ்ல கூட்டமா?" என்று கேட்டாள். அதே குரல், அதே முகம். மகளின் தோள் தொங்கிப்போனது. இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று திரும்பப்போனவள், யாருமே தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். எல்லாக் கண்களும் அம்மாவின் தலைக்கு மேலே இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள்.

கதவோரம் சிவந்துகொண்டிருந்தது, இத்தனை காலம் ஒரு வார்த்தை இல்லாமல் இருந்தாயே என்ற கோபம் அது. மாடி வரைக்கும் ஏறிய சிவப்பின் மேல் ஒரு வெளுப்பு ஓடியது, மறுபடி போய்விடுவாளோ என்ற பயம். அதற்கப்புறம் அடியிலிருந்து ஒரு பொன்னிறம் கிளம்பி, ஜன்னல்களைச் சுற்றிக்கொண்டு, கூரை விளிம்பு வரை போய், எதிர்வீட்டுக் கண்ணாடிகளிலெல்லாம் அடித்தது. கூட்டத்தில் நின்றவர்களின் முகம்கூட மஞ்சளாகத் தெரிந்தது.

"இது... எப்போலேருந்துப்பா?" என்றாள் மகள்.

"நீ போன அன்னிலேருந்து. நீதான் திரும்பியே பார்க்கலயே."

கல்மூஞ்சி தலைவரிடம் திரும்பினாள். "எழுதிக்கோங்க" என்றாள். வீடு போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். தலைவர் தடுமாறினார், ஆனால் விதி விதிதான். மூன்றாம் நோட்டீஸை எழுதிப் பல் டாக்டரிடம் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினார். டாக்டர் அதை வாங்கி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஒரு வருஷமாக அந்த வைக்கோல் சுவரைப் பார்த்துப் பார்த்து அவருக்கே அந்தக் கறுப்பு தேவலை என்று ஆகிவிட்டதாகப் பின்னால் சொன்னார்.

"மாறவும் கூடாதுன்னா, எந்தச் சுவரும்தானே?" என்று கேட்டார்.

"எந்தச் சுவரும்."

"அப்போ மொதல்ல உங்க வீட்டுக்கு எழுதுங்க. நான் இந்தத் தெருவுக்கு வந்தப்போ உங்க சுவர் இந்த நிறமா இருந்துச்சு? மேற்குப் பக்கம் வெயில்ல வெளுத்தே போச்சு. என் சுவர்ல பாசி. மாறாத சுவர் ஒண்ணு காட்டுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

தலைவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய தெரு. அந்தப் பொன்வெளிச்சத்தில் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாகத் தெரிந்தது: ஒன்று வெளுத்து, ஒன்று பழுத்து, ஒன்று மழைக்கோடு விழுந்து. ஒரு சுவர்கூட அட்டைக்கு ஒத்து வரவில்லை. அட்டைக்கு ஒத்திருந்த ஒரே வீடு, போன ஒரு வருஷமாக, ஆறாம் எண்தான். அவர் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த கூட்டத்தில் 'மாறவும் கூடாது' அடிக்கப்பட்டது. ஆறாம் எண்ணுக்கு நேரே, நிறம் என்ற இடத்தில், 'அவ்வப்போது' என்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிவந்திருக்கும் நாளில் குழாய்ப் புகாரோடு அவளிடம் போகமாட்டார்கள். பல் டாக்டர், பயந்த நோயாளிகளுக்குப் பொன்னிறமாக இருக்கும் நாளாகப் பார்த்து நேரம் கொடுக்கிறார். மனதுக்குப் பிடித்தவனோடு வாழும் ஊரிலிருந்து மகள் அடிக்கடி வருகிறாள். அம்மாவிடம் எதைச் சொன்னாலும் "சரி" என்றுதான் பதில் வரும். உடனே எழுந்து தெருவில் இறங்கிச் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். போன அடைமழையில் அவள் தனக்கு நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொன்னாள். "சரி" என்றாள் அம்மா. மகள் செருப்பைத் தேடினாள்.

"மழையில நனையாதடி. சந்தோஷமாத்தான் இருக்கேன்" என்றாள் கல்மூஞ்சி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அன்றைக்குச் சுவர் என்ன நிறமாக இருந்தது என்பதை அவள் போய்ப் பார்க்கவில்லை.